எடை பார்த்து வாங்கிய கார்டுகளும் சம்பந்திக்கு ஒரு விண்ணப்பமும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். அந்த எல்லோரில் இப்போது என் மனைவியும் ஒருத்தி என்பதால் இதை வெறும் மரியாதைக்காக எழுதவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இங்கே நானும் என் மகனும், அதாவது உங்கள் மாப்பிள்ளையும், நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் காலையிலும் முட்டை, மத்தியானமும் முட்டை என்று இருக்கிறவர்கள் அப்படி எழுதினால் கை கூசும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். போன் செய்தால் என் மனைவி எடுக்கிறாள். என் குரல் என்று தெரிந்ததும், "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். இத்தனை வருடம் கூடவே வாழ்ந்த நம்பர் எப்படி ராங் ஆகும் என்று கேட்கக்கூட அவகாசம் தருவதில்லை. அதனால்தான் நேராக உங்கள் பெயருக்கே எழுதுகிறேன்.

நடந்ததை உங்கள் மகள் சொல்லியிருப்பாள். அவள் சொன்னது முழுக்க உண்மைதான். இருந்தாலும் என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். உங்கள் மாப்பிள்ளை செருப்புக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவன், ஒரு வம்பு தும்புக்கும் போகாதவன். அவன் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "அப்பா, நாம மைனிங் பண்ணலாமா?" என்றான். எனக்கு எதுவும் விளங்கவில்லை. "கம்ப்யூட்டர் ஒரு கஷ்டமான கணக்கைப் போட்டுக்கிட்டே இருக்கும்ப்பா. அதுக்குக் கூலியா காசு வரும்" என்றான். "யார் தருவாங்க?" என்றேன். "தனியா ஒருத்தர்னு இல்லப்பா. அதுவா வரும்." "சரி, வந்தா எங்க இருக்கும்?" "கண்ணுக்குத் தெரியாது." சம்பந்தி, நான் உத்தியோக காலம் முழுவதும் எடை அளவை ஆய்வாளராக இருந்தவன். கடை கடையாக ஏறி இறங்கி, தராசு சரியாக நிற்கிறதா என்று பார்த்து முத்திரை குத்தியவன். கண்ணுக்குத் தெரியாத, தராசில் வைக்க முடியாத ஒன்றைக் காசு என்று நான் எப்படி ஒப்புக்கொள்வேன்? முடியவே முடியாது என்றுதான் சொன்னேன். அதோடு விட்டிருந்தால் இன்று சுடச்சுடச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் அவன், "இதுல எல்லாமே அந்தக் கணக்கைப் போடற கிராபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுக்கறதுலதான் இருக்கு. தப்பான கார்டை வாங்கினா அவ்வளவுதான்" என்று ஒரு வார்த்தை போட்டான். தேர்ந்தெடுப்பது என்று சொன்னதும் எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாக என்னிடம் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கச் சொன்னதில்லை. தலையணை உறைகூட நான் வாங்கினால் உங்கள் சம்பந்தியம்மா கொண்டுபோய் மாற்றிவிடுவாள்.

ஆகவே மறுநாளே நானும் அவனோடு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவுக்குப் புறப்பட்டேன். பையில் என் கொக்கித் தராசையும் எடுத்துக்கொண்டேன். உங்கள் மாப்பிள்ளை வாரக்கணக்கில் படித்து வைத்திருந்தான். எந்தக் கார்டு நொடிக்கு எத்தனை கணக்குப் போடும், எவ்வளவு கரண்ட் தின்னும், எவ்வளவு சூடாகும் என்று எல்லாம் விரல் நுனியில். அவன் கேட்டது ஒற்றை விசிறி வைத்த, சின்ன, நோஞ்சான் கார்டு. கரண்ட் குறைவாகச் சாப்பிடுமாம். அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பிஸ்கட் பாக்கெட் கனம்கூட இல்லை. பக்கத்தில் இன்னொன்று இருந்தது. மூன்று விசிறி, செங்கல் மாதிரி கனம், தட்டினால் கணீரென்றது, உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்கு வேறு. தராசில் மாட்டினேன். கடைக்காரர் தலைமுடியை முள்ளாக நிமிர்த்தி விட்ட பிள்ளை. "சார், என்ன பண்றீங்க?" என்று பதறினார். "எடை பாக்கறேன் தம்பி." "சார், இதை யாரும் எடை பாத்து வாங்க மாட்டாங்க. கனமெல்லாம் சூட்டை இறக்கற அலுமினியத் தகடு." "தகடா இருந்தா என்ன? கனம் இருக்குதே, சரக்கு இல்லாம கனம் வருமா?" என்றேன். உங்கள் மாப்பிள்ளை என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "அப்பா, இது கரண்டைக் குடிச்சே நம்மள முடிச்சிடும்" என்று காதோரம் கெஞ்சினான். நான் ஓர் அப்பாவாக அவனைப் பார்த்தேன். ஆறு கார்டும் கனமானதாகவே வாங்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் குழப்பம் கார்டால் வரவில்லை, உங்கள் சம்பந்தியம்மாவின் வாயால் வந்தது. என் தம்பிக்குப் போன் போட்டு, "ஆறு கார்டு வாங்கியிருக்கோம்" என்று பெருமையடித்தாள். அவன் காதில் அது ஆறு காடு என்று விழுந்தது. அரை மணியில் ஆட்டோவில் வந்து இறங்கினான். "எனக்குத் தெரியாம பொதுச் சொத்தை வித்துக் காடு வாங்கினியா? என் பங்கு எங்கே?" என்று வாசலிலேயே ஆரம்பித்தான். கார்டைக் கொண்டுவந்து காட்டினோம். "இதுவா காடு?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான். அது முடிந்து நாங்கள் மூச்சு விடுவதற்குள் கீழ்வீட்டுப் பல் டாக்டர் மேலே வந்தார். பையன் பின்னறையில் மைனிங் ஆரம்பித்திருக்கிறான் என்று இவள் அவர் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். "சார், நீங்க மாடியில சுரங்கம் தோண்டறதா கேள்விப்பட்டேன். உங்க தரைதான் எனக்குக் கூரை. கொஞ்சம் யோசிச்சுத் தோண்டுங்க" என்றார். வாயில் கையை விட்டுத் தோண்டுவதே தொழிலாக வைத்திருப்பவர் எனக்குச் சொல்கிறார்.

இனி உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். பேனா இங்கேதான் தயங்குகிறது. புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுப்பதை அவள் எவ்வளவு சிரத்தையாகச் செய்வாள் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பின்னறையின் சுவரெல்லாம் கம்பளி மாட்டி, ஜன்னல் இடுக்கில் பஞ்சு அடைத்து, குண்டூசி விழுந்தால் கேட்கிற மாதிரி வைத்திருந்தாள். கார்டுகளுக்குக் காற்றோட்டமான அறை வேண்டும் என்று நாங்கள் அந்த அறையைக் கேட்டோம். "ஒரே ஒரு வாரம்" என்றான் உங்கள் மாப்பிள்ளை. "ஒரே ஒரு வாரம்" என்று நானும் சொன்னேன். கம்பளிகளைக் கழற்றியதே நான்தான். அவள் மைக்கை எடுத்துக்கொண்டுபோய் எங்கள் படுக்கையறைத் துணி அலமாரிக்குள் வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, என் சட்டைகளுக்கு நடுவே தலையை நுழைத்து வாசிக்க ஆரம்பித்தாள். அப்படியும் அந்தப் பதினெட்டு விசிறிகளின் இரைச்சல் சுவரைத் தாண்டி வந்தது. பதிப்பகத்திலிருந்து ஒருவர் போன் செய்து, "மேடம், கதாநாயகி குடிசைலதானே உயிரை விடறா? பின்னால ஏன் விமானம் கிளம்புது?" என்று கேட்டாராம். அவள் அந்த அத்தியாயத்தை மறுபடி வாசித்தாள். மறுபடியும் விமானம் கிளம்பியது. வாரமோ ஒன்று இரண்டாகி, இரண்டு மாதமாகிவிட்டது.

அறையோ அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. இதில் உங்கள் சம்பந்தியம்மாவுக்கு மட்டும் முதலில் சந்தோஷம். ஈரத்துணியை உள்ளே போட்டால் நிமிஷத்தில் காய்ந்துவிடுகிறது என்று கொடி கட்டச் சொன்னாள். கட்டியது நான். ஜன்னல் கம்பிக்கும் கதவுக் கீலுக்கும் நடுவே நான் போட்ட முடிச்சை நானே மெச்சிக்கொண்டேன். ஒரு மழை நாளில் கனத்த படுக்கை விரிப்பு ஒன்றைச் சரியாகப் பிழியாமல் அதில் போட்டேன். முடிச்சு அவிழ்ந்தது. விரிப்பு அப்படியே கார்டுகளின் மேல் விழுந்து மூடியது. சர்ரென்று ஒரு சத்தம், பட்டென்று ஒரு வெளிச்சம், ரப்பர் கருகிய நாற்றம், அதற்கப்புறம் இருட்டு. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, கட்டடம் முழுக்க. சரியாக அந்த நேரம் பார்த்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் லிஃப்டில் இருந்தார். எங்கள் மேல் வந்த புகாரை விசாரிக்கத்தான் வந்துகொண்டிருந்தாராம். இரண்டு மாடிக்கு நடுவே நின்றுகொண்டு, "சுரங்கக்காரரே, என்னைத் தோண்டி எடுங்க!" என்று அவர் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது.

ஆனால் சம்பந்தி, எனக்கு அந்தக் கூச்சல் காதில் ஏறவில்லை. உங்கள் மகள் அலமாரியிலிருந்து வெளியே வந்தாள். தோளில் என் சட்டைக் கை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அந்த நேரம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கரண்ட் போனதும் காலையிலிருந்து வாசித்தது அத்தனையும் போய்விட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாக, "கடைசிப் பக்கம் மாமா. அதையாவது முடிக்க விட்டிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். முதலில் மைக்கைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள், அப்புறம்தான் உடுப்புகளை. உங்கள் மாப்பிள்ளை குறுக்கே நின்று, "ஏய், இரு, பேசுவோம்" என்றான். "பேசறதுக்குத்தான் எனக்கு ஒரு ரூம் இருந்துச்சு" என்றாள். அவன் வழிவிட்டுவிட்டான். அப்போது உங்கள் சம்பந்தியம்மா, "இரும்மா, நானும் வர்றேன். செருப்பை மாட்டிக்கிறேன்" என்றாள். "நீ எதுக்குப் போறே?" என்று கேட்டேன். "எனக்கும் சத்தமில்லாத இடம் வேணுங்க. உங்க சத்தத்தையும் சேத்துத்தான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். லிஃப்ட் ஓடவில்லை.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், அதற்கப்புறம் நடந்ததை நீங்கள் நம்ப வேண்டும். இரண்டு கார்டுகள் அன்றே உயிரை விட்டன. மிச்சம் நான்கையும் அன்று மாலையே கழற்றிவிட்டோம். இத்தனை நாளும் அவை எவ்வளவு சம்பாதித்தன என்று பார்த்தேன். பூஜ்யம், புள்ளி, வரிசையாகப் பூஜ்யங்கள், கடைசியில் கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிற மாதிரி ஒரு சின்ன எண். வந்த கரண்ட் பில்லில் அப்படிப் பூஜ்யமெல்லாம் முன்னால் நிற்கவில்லை. கார்டுகளைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனேன். அந்த முள்ளுமுடிப் பிள்ளை என்னை அடையாளம் கண்டுகொண்டு, "சார், எடைக்குப் போடறதா இருந்தா பழைய இரும்புக் கடை அடுத்த தெருவுல" என்றார். கடைசியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஒருவர் நாளை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கொண்டுபோனதும் இந்த வீட்டில் இனி கார்டு என்ற பேச்சே கிடையாது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் கைமேல் கை அடித்துச் சத்தியம் செய்திருக்கிறோம்.

பின்னறைச் சுவரில் கம்பளிகளை நானே திரும்ப மாட்டினேன். ஆணிக்குப் பதில் கட்டைவிரலில் அடித்துக்கொண்டதால்தான் கையெழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறது. மாட்டி முடித்ததும் சத்தம் வருகிறதா என்று பார்க்கக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். ஒரு சத்தமும் இல்லை. என் மூச்சு எனக்கே கேட்டது. இதற்கு முன்பெல்லாம் மத்தியான வேளைகளில் ஹாலில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு பஞ்சு அடைத்தாலும் கதவடியில் உங்கள் மகளின் குரல் கொஞ்சம் கசியும். பேப்பர் படிக்கிற பாவனையில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனையோ கதைகள் எனக்கு அரைகுறையாகத் தெரியும். இதை அவளிடம் நான் சொன்னதேயில்லை. அந்த அறையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன் சம்பந்தி. உங்கள் மாப்பிள்ளை வந்து கதவைத் தட்டி, "அப்பா, முட்டை தீஞ்சு போச்சு" என்றான். கம்பளித் தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆகையால் என் தாழ்மையான விண்ணப்பம் இதுதான். உங்கள் மகளையும் என் மனைவியையும் தாங்கள் பெரிய மனதுடன் சமாதானம் செய்து அனுப்பி வைக்க வேண்டும். உங்கள் வீடு அமைதியான வீடு, நீங்கள் இந்த மாதிரிக் கிறுக்குத்தனங்களுக்கு இடம் கொடுக்காதவர். அதனால் உங்கள் வார்த்தைக்குத் தனி மதிப்பு உண்டு. எங்களைப் பற்றி நீங்கள் எவ்வளவு திட்டினாலும் குறைவில்லை, அவர்கள் காதில் விழும்படி திட்டினால் இன்னும் நல்லது. உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். மகளுக்கு என் ஆசிகள். என் மனைவிக்கு எதைச் சொன்னாலும் அவள் ராங் நம்பர் என்பாள், ஆகவே அவளுக்கு மட்டும் ஒன்றும் சொல்ல வேண்டாம், நான் அவளைப் பார்த்தால் போதும். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் குறைவில்லாத தூக்கத்தோடும் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை என்றும் நாடும்,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் போன் வந்தது. என் மனைவியேதான். "ஏங்க, இங்கயும் அதே சத்தம்!" என்றாள். உங்கள் மாடிப்படிக்குக் கீழே பூட்டி வைத்திருக்கிற அறையில் பழைய பேப்பர் இருக்கிறது என்று சொன்னீர்களாம். பழைய பேப்பர் எங்கேயாவது சூடாக மூச்சு விடுமா சம்பந்தி? உங்கள் மகள் பூட்டைத் திறந்து பார்த்துவிட்டாளாம், உள்ளே எட்டுக் கார்டாம். உங்கள் மாப்பிள்ளையைப் பிடித்துக் கேட்டேன். "நாந்தான்ப்பா கார்டு ரகம் சொன்னேன். யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு மாமா சொல்லிட்டார்" என்கிறான். உங்கள் வீட்டம்மாவையும் சேர்த்து மூன்று பேரும் மத்தியான பஸ்ஸில் இங்கே கிளம்பி வருகிறார்கள். ஆகவே மேலே எழுதிய விண்ணப்பத்தை ரத்து செய்துவிடுங்கள். அவர்கள் வந்து இறங்கும்போது நானும் இவனும் வீட்டில் இருக்கக் கூடாது என்று உத்தரவு. அதே பஸ் திரும்பும்போது நாங்கள் அங்கே வருகிறோம், இந்தக் கடிதத்தையும் கையோடு கொண்டுவந்து தருகிறேன். வீடியோக்காரரை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. உங்கள் அறையில் இன்னும் நாலு கார்டுக்கு இடம் இருக்குமல்லவா?