முத்திரை குத்தப்பட்ட அரக்கர்கள்

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. என்னால் நேர்ந்த சேதங்கள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு குணம்தான் காரணம்.

தொண்ணூற்றேழில், ஓவியக் கல்லூரி முடித்த என் மகள் ரெஜினாவை தி. நகர் கம்பெனி ஒன்று நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. வீடியோ கேம் தயாரிக்கிறார்களாம். (அதை மனிதர்கள் உட்கார்ந்து தயாரிக்கிறார்கள் என்பதே எங்கள் சாந்தோமுக்கு அன்று புதுச் செய்தி.) "இது கிடைக்கலன்னா திங்கட்கிழமை தேனாம்பேட்டைல டைப்பிஸ்ட் வேலை. வாக்கு குடுத்துட்டேன்" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். பிள்ளை சரியாகச் சாப்பிடவே இல்லை. இந்த வேலையை வாங்கிக் கொடுக்காமல் விடுவதில்லை என்று நான் முடிவு கட்டினேன்.

'வரைந்தவற்றில் பத்து மாதிரிகள் கொண்டுவரவும்' என்றது கடிதம். இருபது வருடமாகப் பள்ளி ஆசிரியை நான். அத்தாட்சி இல்லாத காகிதத்தை யார் மதிப்பார்கள்? அவளுக்குத் தெரியாமல் பத்துப் படங்களையும் எடுத்துக்கொண்டு அடையாறுக்கு பஸ் ஏறினேன். எனக்குத் தெரிந்த ஒரே கெசட்டட் அதிகாரி அங்கிருந்த அரசு கால்நடை மருத்துவர்.

அவர் ஓர் ஆட்டுக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டுப் படங்களைப் பார்த்தார். மூன்று தலை, ஆறு கை, நெருப்பு மூச்சு.

"டீச்சர், இது என்ன மிருகம்?"

"கற்பனை, டாக்டர்."

"பின்னங்கால் முட்டி தப்பா இருக்கே. இது எழுந்து நிக்கவே நிக்காது."

"அது நிக்க வேண்டாம். நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

"ஜெராக்ஸ் எங்க?"

"கலர் போயிடும் டாக்டர். ஒரிஜினல்லயே போட்டுடுங்க."

போட்டார். பத்து அரக்கர்களின் நெஞ்சிலும் பச்சை மைக் கையெழுத்து, வட்ட முத்திரை, 'உண்மை நகல்'. மனசாட்சி உள்ள மனிதர், இரண்டு முட்டிகளைத் திருத்தியும் கொடுத்தார்.

படங்களைச் சத்தமில்லாமல் அவள் ஃபைலில் திரும்ப வைத்துவிட்டு, நேர்முகத் தேர்வுக்கு நானும் கூடவே போனேன். கம்பெனி ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது. டீ-ஷர்ட் போட்ட பையன் ஒருவன் வரவேற்றான். (அவன்தான் முதலாளி.)

"நாலு பேரா ஆரம்பிச்சோம் ஆன்ட்டி, இப்ப பதினெட்டு. இதுக்குன்னு இங்க படிப்பு கிடையாது. கிடைச்சவங்களப் பிடிச்சுப் போட்டிருக்கோம்."

உண்மைதான். சினிமா பேனர் வரைந்த துரை, வீட்டு பிளான் போட்டவர், சத்தங்களுக்கு ஒரு மிருதங்கக்காரர். பி.காம். படித்த இருவர் காலையிலிருந்து விளையாடித் தப்பு கண்டுபிடித்தார்கள். (அதற்குச் சம்பளம்!) பெண் ஒருத்திகூட இல்லை. லேடீஸ் டாய்லெட் எங்கே என்று கேட்டேன். பதினெட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ரெஜினா அப்போதுதான் ஃபைலைத் திறந்தாள். துரை எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா இது! பேய்க்கு கவர்மெண்ட்டு சீலு குத்திகீது!"

மாடியே சிரித்தது. ரெஜினா என் பக்கம் திரும்பினாள். "மம்மி, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"சாரிம்மா, இத வெச்சு நான் என்ன பாக்கறது?" என்று முதலாளி ஃபைலை மூடினான்.

நான் எழுந்து போய்க் கதவை மறித்து நின்றேன். "கெட்டுப்போனது படம்தான், அவ கை இல்ல. பேப்பர் குடுங்க, இங்கயே வரைவா. அதுவரைக்கும் ஒருத்தரும் வெளிய போக முடியாது."

பேப்பர் வந்தது. ரெஜினா நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள், வரைவாள், மறுபடி பார்ப்பாள். தைரியம் தேடுகிறாள் என்று நினைத்து, யாரும் அவளைத் தொந்தரவு செய்யாதபடி எல்லோரையும் இன்னும் பலமாக முறைத்துக்கொண்டிருந்தேன்.

கால் மணி நேரத்தில் முடித்தாள். ஒரு குகை வாசல். அதை அடைத்துக்கொண்டு ஓர் அரக்கி. பாம்பு சுருண்டதுபோல் கொண்டை, மூக்குக்கண்ணாடி, அக்குளில் இடுக்கிய கைப்பை, தாமதமாக வரும் மாணவிகளுக்கென்றே நான் வைத்திருக்கும் அந்தப் பார்வை.

"யப்பா, இத்தப் பார்த்தா ஹீரோ ரிட்டன் ஓடிடுவான்" என்றார் துரை.

முதலாளி படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். "திங்கட்கிழமை வந்துடும்மா."

மூன்று வருடம் ஆகிறது. இப்போது அங்கே ரெஜினாவையும் சேர்த்து ஐந்து பெண்கள். அந்த கேம் வெளிநாடெல்லாம் போய்விட்டது. கடைசி லெவலின் வாசலில் நான்தான் நிற்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வரும் சொந்தக்காரப் பிள்ளைகள் என் கையால் கேக் வாங்கித் தின்றுவிட்டு, என் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே என்னைக் கொல்கிறார்கள். என் கணவர் மட்டும் மௌஸைத் தொடுவதில்லை.

"இருபத்தஞ்சு வருஷமா வீட்லயே ஆடறேன்டா," என்று அவர்களிடம் சொல்கிறார். "இன்னும் முதல் லெவலே தாண்டல."