கோடை அட்டவணையில் ஒரு திருமணம்

திருச்சிராப்பள்ளிக்குக் குளிர்காலம் என்ற ஒன்றை வழங்கிய பெருமை முழுக்க முழுக்க விமான நிறுவனங்களையே சாரும்.

இதை நான் பொறுப்போடு சொல்கிறேன். ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவள் நான். வெயில், கடும் வெயில், மழை வருவதுபோல் போக்குக் காட்டும் வெயில் என எங்கள் ஊருக்கு மூன்று பருவங்கள் உண்டு என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அது பெரும் பிழை. அக்டோபர் கடைசி ஞாயிறு, முதுகில் வியர்வை வழிந்துகொண்டிருக்கும்போதே, ஊருக்குக் 'குளிர்கால அட்டவணை' பிறந்துவிடுகிறது. தோஹாவிலிருந்து நேர் விமானம் வரத் தொடங்குகிறது. மார்ச் முடிந்தால் 'கோடைகால அட்டவணை'. நேர் விமானம் நின்றுவிடுகிறது. இடையில் ஆடி, கார்த்திகை என்று ஏதேதோ வந்து போகின்றன. அவற்றை நாங்கள் பொருட்படுத்துவதில்லை.

நாங்கள் என்றால் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் உள்ள எங்கள் அடுக்ககத்தின் பெற்றோர்கள். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் கத்தாரில் இருக்கிறார்கள். நலச் சங்கச் செயலாளர் சம்பத் சார் கோயில் உற்சவங்களைச் சொல்லும் அதே குரலில்தான் விமானத்தையும் அறிவிப்பார். "வர்ற ஞாயித்துக்கிழமை தோஹா விமானம் எழுந்தருள்றது" என்று அவர் லிஃப்ட் அருகே நின்று சொன்னால், கேட்பவர்கள் கை தானாகக் கும்பிடப் போகும். ஸ்ரீரங்கத்தில் விமானம் என்றால் பெருமாள் சன்னிதிக்கு மேலே பொன் வேய்ந்து நிற்பது ஒன்றுதான் என்றிருந்த காலம் போய்விட்டது. அது நகராது. ஆகவே அதனால் எங்களுக்குப் பெரிய உபயோகமும் இல்லை.

இந்தப் பருவ மாற்றத்திற்கு ஏற்ப மனித உடலைச் சீர்திருத்தும் பணியையும் சங்கமே ஏற்றது. கண்புரை, மூட்டு மாற்று, சதாபிஷேகம், பாகப்பிரிவினை போன்ற முக்கிய நிகழ்வுகள் அனைத்தும் குளிர்கால அட்டவணையில் மட்டுமே நடைபெற வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினோம். கோடையில் மூச்சு விடலாம். மாத்திரை போடலாம். ஈரமான குளியலறையில் மட்டும் நடக்கக் கூடாது.

தீர்மானத்தை முதலில் மீறியது என் பித்தப்பை.

மே மாதத்தில் அது கல்லோடு வலிக்கத் தொடங்கியது. ஆபரேஷன் என்றார்கள். தோஹாவில் இருக்கும் என் மகன் கலையரசனுக்குப் போன் செய்தேன். அவன் பதறிப்போனான். நிஜமாகவே பதறினான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"டைரக்ட் இல்லம்மா இப்ப. மாறி மாறி வரணும். பிள்ளைங்களுக்கு ஸ்கூல் வேற. அக்டோபருக்குத் தள்ளலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுப் பாரேன்."

கேட்டேன். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கல்லுக்கு அட்டவணை தெரியாதேம்மா" என்றார். விஞ்ஞானம் இன்னும் அவ்வளவு வளரவில்லை.

இங்கே என் மனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், பையன் வரவில்லையா என்று. நர்சுக்கு, தரை துடைக்கிற பெண்ணுக்கு, பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க மணப்பாறையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தோடு வந்த உறவுக் கூட்டத்துக்கு என்று ஒவ்வொருவருக்கும் கோடைகால அட்டவணையை விளக்கினேன். எந்த மாதம் எந்தச் சேவை நிற்கும், ஏன் நிற்கும் என்று பருவக்காற்றுப் பாடம் நடத்துவதுபோல் நடத்தினேன். மகன் வரவில்லை என்று சொன்னால் பரிதாபப்படுவார்கள். அட்டவணை மாறிவிட்டது என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். இரண்டும் ஒரே செய்திதான் என்பது எனக்குத் தெரியும். தெரியாததுபோல் இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

கூட இருந்தவர் தைரியராஜ். எனக்கு மேல் தளத்தில் குடியிருப்பவர், மனைவியை இழந்தவர். துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றாலும் கரப்பான்பூச்சியைக்கூட அட்டையில் ஏந்திக் கொண்டுபோய் வெளியே விடுவார். ஆபரேஷனுக்கு முன் நர்ஸ் அவரைக் கேட்டாள்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும் சார்?"

"மேல் மாடிங்க."

"உறவு கேட்டேன்."

"அதாங்க. அவங்க ரெண்டாவது மாடி. நான் மூணாவது."

நர்ஸ் என்ன எழுதிக்கொண்டாளோ தெரியாது. மயக்க மருந்து ஏறும்போது எனக்குச் சிரிப்பு வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

வீடு திரும்பிய பிறகு அவர் தினமும் கஞ்சி வைத்து எடுத்து வருவார். உப்பு இருக்காது. ஒருநாள் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், அடுத்த தடவை ஆஸ்பத்திரியில கேட்டா சொல்றதுக்கு ஒரு உறவு வேணும்ங்க."

"உங்களுக்கா, எனக்கா?"

"யாரு முதல்ல படுக்குறாங்களோ, அவங்களுக்கு."

என்னிடம் இதற்கு முன் யாரும் இவ்வளவு நேராகப் பேசியதில்லை. காலமான என் கணவர் நல்லவர்தான், ஆனால் நான் படுத்தால் யார் நிற்பது என்ற கேள்வி அவருக்கு எழுந்ததே இல்லை. அன்று மதியம் கண்ணாடி முன் நின்று ஒரு பொட்டு வைத்துப் பார்த்தேன். உடனே அழித்தேன். அழித்தது யாருக்குப் பயந்து என்று வெகுநேரம் யோசித்தேன். வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.

கலையரசனிடம் போனில் சொன்னேன். அவன் நிதானமாகப் பேசினான்.

"அக்டோபர்ல டைரக்ட் விட்டுருவான்மா. நான் நேர்ல வந்து பேசிக்கிறேன். அதுவரைக்கும் எதுவும் பண்ணாத."

கோடைகால அட்டவணையின் முழு மகிமையும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. பார்க்க வருகிறவனுக்கு மட்டுமா நேர் விமானம் இல்லை? தடுக்க வருகிறவனுக்கும் இல்லை. அக்டோபர்வரை நான் சுதந்திரமானவள். எந்த அரசாங்கமும் தராத இந்தச் சலுகையை ஒரு விமான நிறுவனம், பயணிகள் குறைவு என்ற எளிய காரணத்துக்காக, எனக்கு வழங்கியிருந்தது.

அவர் கத்தோலிக்கர், நான் இந்து. எனவே பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் பெயர்களை ஒரு மாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்க வேண்டும், ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்பது சட்டம். ஆகஸ்டில் ஒட்டினார்கள். அந்தப் பலகையை யாரும் படிப்பதில்லை என்று குமாஸ்தா தைரியம் சொன்னார். சமயபுரத்தில் இருக்கும் ஒரு மனைக்கு வில்லங்கச் சான்று வாங்கப் போன சம்பத் சார் படித்தார். படித்ததோடு நில்லாமல் படம் எடுத்து, "இது வாஸ்தவமா?" என்ற ஒற்றை வரியோடு அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் போட்டார்.

கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு அவசரக் கூட்டம் கூடியது. சம்பத் சார் மிகுந்த வருத்தத்தோடு எழுந்தார்.

"டீச்சரம்மா, கல்யாணம் தப்புன்னு அடியேன் சொல்ல வரலை. சீசன் தப்பு."

எப்போது செய்தால் சரி என்று பணிவாகக் கேட்டேன். நவம்பர் என்றார். நவம்பரில் மழை என்றார் பொருளாளர். மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம், ஊரில் அறை கிடைக்காது என்றார் இன்னொருவர். தையில் எல்லாப் பிள்ளைகளும் வந்திருப்பார்கள், லிஃப்ட் தாங்காது என்று ஒரு கவலை தெரிவிக்கப்பட்டது.

தைரியராஜ் எழுந்து, "சார், நாங்க லிஃப்ட்ல பண்ணிக்கலைங்க" என்றார். இது அவைக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

பிறகு சம்பத் சார் பிள்ளைகளின் பாசத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அதற்கு அவரைவிடத் தகுதியானவர் யாருமில்லை. அவருடைய ஒரே மகன் ஸ்ரீவத்சனும் தோஹாவில்தான் இருக்கிறான். சில குளிர்கால அட்டவணைகளாகவே அவன் வரவில்லை. ஒரு வருடம் ப்ராஜெக்ட், மறு வருடம் விசா, போன வருடம் காரணம் சொல்ல நேரமில்லை. ஆனாலும் அக்டோபர் பிறந்தால் அப்பா மகனுடைய அறையின் ஏ.சி.யை ஆள் வைத்துச் சுத்தம் செய்துவிடுவார். நேர் விமானத்தின்மீது இப்படிப்பட்ட நம்பிக்கை உள்ளவர் பேசினால் யார் மறுப்பது? பிள்ளைகள் வந்து சேரும்வரை மணமக்கள் 'தற்போதைய நிலையிலேயே' நீடிக்க வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேறியது.

தைரியராஜின் மகள் பேட்ரிசியா அன்று மாலையே வந்துவிட்டாள். அவள் இருப்பது அரியமங்கலத்தில். வெளிநாடு போகாத பிள்ளைகளிடம் இந்த ஒரு குறை உண்டு, எப்போது வேண்டுமானாலும் டவுன் பஸ் பிடித்து வந்து நிற்பார்கள். அவளும் ஓர் ஆட்சேபம் சொன்னாள்.

"ஆன்ட்டி, அப்பா குறட்டை விடுவாங்க. சொன்னாங்களா?"

சொல்லவில்லை. அதை நான் பரிசீலிப்பதாகச் சொன்னேன்.

சம்பத் சார் எடுத்த படம் இதற்குள் தோஹா போய்ச் சேர்ந்திருந்தது. படங்களுக்குப் பருவம் கிடையாது. பதிவுக்கு முந்தின நாள் காலையில் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் கலையரசன். சட்டை கசங்கி, கண் சிவந்து, கையில் ஒரு சிறிய பையோடு நின்றான்.

என் கை தானாக வயிற்றில் ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போனது. அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறான் என்று ஒரு நொடி, ஒரே நொடி, மனம் தன் இஷ்டத்துக்கு நம்பியது. அந்த நொடிக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

"எப்படிப்பா வந்த?"

"தோஹாலேர்ந்து மும்பை. அங்க ராத்திரி பூரா ஏர்போர்ட்ல உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பெங்களூர். திருச்சி ஃப்ளைட்ல சீட் இல்லை. பஸ் ஏறிப் பஞ்சப்பூர்ல இறங்கி ஆட்டோ பிடிச்சேன்."

"இவ்வளவு வழி இருக்கா?"

"அவசரம்னா வந்துதானம்மா ஆகணும்" என்றான். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தான். சொன்னது என்னவென்று அவனுக்குக் கேட்கவே இல்லை. பிறகு டம்ளரை மேசையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"இந்த வீடு உன் பேர்லதானே இருக்கு?"

தோசை ஊற்றிக் கொடுத்தேன். பசியோடு சாப்பிட்டான். அவன் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சங்கம் அவனைக் கொண்டாடியது. பெற்ற தாய்க்காக இரண்டு விமானமும் ஒரு பஸ்ஸும் மாறி வந்த பிள்ளை என்று லிஃப்டில் பார்த்தவர்கள் எல்லாம் அவன் தோளைத் தட்டினார்கள்.

மறுநாள் பதிவாளர் அலுவலகத்துக்கு அவனும் வந்தான், ஆட்சேபம் தெரிவிக்க. பதிவாளர் என் மகனை உட்காரச் சொல்லி அன்போடு விசாரித்தார்.

"என்ன ஆட்சேபம் தம்பி? மணமகள் மைனரா?"

"எங்க அம்மா சார்."

"மணமகனுக்கு வேற மனைவி உயிரோட இருக்காங்களா?"

"இல்லை. ஆனா எங்களைக் கலந்து பேசலை சார்."

சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று அவர் வருத்தத்தோடு தெரிவித்தார். கலையரசன் எழுந்து, யாருக்கோ போன் செய்துகொண்டே வெளியே போனான்.

மூன்று சாட்சிகள் வேண்டும். பேட்ரிசியாவும் அவள் கணவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மூன்றாவது இடத்தை, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நேற்று தோசை ஊற்றும்போது என் மகனுக்கென்று மனத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்தேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அவன் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தான். தைரியராஜ் பார்க்காததுபோல் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"போடறேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சங்கத்தின் சார்பில் 'பார்வையாளராக' வந்து மூலையில் உட்கார்ந்திருந்த சம்பத் சார். யார் முகத்தையும் பார்க்காமல் வந்து, முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் தைரியராஜின் மனைவியானேன்.

எல்லோரும் படியிறங்கும்போது சம்பத் சார் மட்டும் அறிவிப்புப் பலகை முன்னால் நின்றுவிட்டார். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். எங்கள் நோட்டீஸ் இன்னும் பலகையிலேயே இருந்தது.

"கலையரசன் இதைப் பார்த்துட்டுத்தானேம்மா வந்தான்?"

"ஆமா சார்."

"டைரக்ட் இல்லாமலே."

"டைரக்ட் இல்லாமலே."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடியேனுக்குக் கல்யாணமெல்லாம் வேண்டாம். நோட்டீஸ் மட்டும் ஒட்டினா போறும். பொண்ணு பேர் இல்லாம ஒட்டுவாளோ?"