தக்காளி மண்டியில் எல்லோரும் மாதப்பன்

சொல்லிக்கொடுக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லிவிடுவான். எனக்கு அது முற்றிப்போயிருந்த காலம்.

தருமபுரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எஸ்க்யூஎல் நடத்திக்கொண்டிருந்தேன். (கம்ப்யூட்டரில் சேர்த்துவைத்த தகவலைத் தேடவும் திருத்தவும் உதவுகிற மொழி.) படித்துப் போனவர்கள் வேலையில் மாட்டிக்கொண்டால் போன் செய்வார்கள். கமாவை விட்டிருப்பார்கள், மேற்கோள் குறியை மூடியிருக்க மாட்டார்கள். பார்க்காமலே சொல்லிவிடுவேன். "எப்படி சார்?" என்று வியப்பார்கள். அந்த வியப்பிலேயே ஒரு சுற்று பெருத்திருந்தேன்.

என் மாணவி சுகன்யா மாரண்டஹள்ளியில் ஒரு தக்காளி மண்டியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒருநாள் காலையில் கூப்பிட்டாள்.

"சார், மாதப்பன்னு ஒரு விவசாயிங்க. கம்ப்யூட்டர்ல அவர் பேரு இருக்க வேண்டிய இடத்துல தம்பி பேரு ஏறியிருக்கு. ஏலத்துக்கு மைக்குல தம்பி பேரச் சொன்னதும் சண்டைக்கு வர்றாருங்க. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லீங்களாம்."

"இதெல்லாம் ஒரு பிரச்சினையா? அப்டேட் போடு, பேரை மாதப்பன்னு செட் பண்ணு, ரன் பண்ணு."

"அவ்ளோதானுங்களா சார்?"

"அவ்ளோதான்" என்றேன், டீயை உறிஞ்சியபடி.

யாருடைய பெயரை மாற்றவேண்டும் என்று சொல்கிற 'வேர்' (where) கண்டிஷனைச் சொல்ல மறந்திருந்தேன். (முதல் வகுப்பிலேயே அதைப் போர்டில் கட்டம் கட்டி எழுதுகிற ஆசாமி!)

டீ முடிவதற்குள் மறுபடியும் போன். அழுகை.

"சார், எல்லாருமே மாதப்பன் ஆயிட்டாங்க சார்."

பின்னால் மைக் கேட்டது. மாதப்பன், அடுத்து மாதப்பன், அதற்கடுத்தும் மாதப்பன்.

"பேக்கப் இருக்கா?"

"அப்படீன்னா என்னங்க சார்?" (தகவலின் மாற்று நகல். அதை நான் நடத்தவே இல்லை.) "இந்த வேலை போச்சுன்னா அப்பா வூட்டுலயே உக்கார வச்சிடுவாருங்க."

அதற்குமேல் உட்கார முடியவில்லை. பஸ் ஏறினேன்.

மண்டியில் ஏலம் நின்றுபோய் தக்காளி வெயிலில் வெந்துகொண்டிருந்தது. உண்மையான மாதப்பன் ஒவ்வொரு அழைப்புக்கும் எழுந்து எழுந்து களைத்திருந்தார். தம்பியோ, "செத்தாலும் அவன் பேர்ல கூப்புட்டா வரமாட்டன்" என்று கத்திக்கொண்டிருந்தார். முதலாளி சுகன்யாவிடம், "நாளையிலருந்து வராத பாப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளே நுழைந்தேன்.

"தப்பு என்னுதுங்க. நான் சொல்லித்தான் அவங்க செஞ்சாங்க."

"நீங்க யாருங்க?"

வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து யாரோ குரல் கொடுத்தார்: "வேற யாரு, இவரும் மாதப்பன்தான்!"

மண்டியே சிரித்தது. முதலாளியும் சிரித்துவிட்டார். "சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் அவங்கவங்க பேரு வந்தாகணும்" என்று கெடு வைத்தார்.

நல்லவேளை, லாரியில் மாறிப்போகாமலிருக்க விவசாயிகள் தங்கள் பெட்டியில் பெயரையும் மண்டி கொடுத்த நம்பரையும் பெயின்டில் எழுதிவைத்திருந்தார்கள். நான் பெட்டி பெட்டியாகப் புரட்டிக் கத்தினேன். சுகன்யா டைப் செய்தாள். இந்தத் தடவை 'வேர்' போட்டு. இருட்டுவதற்குள் அவள் வேலை தப்பியது. என் வெள்ளைச் சட்டை தப்பவில்லை. பஸ் ஏற்றிவிட வந்தவள் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அப்படி ஒரு நாள் இனி வராது.

பிறகு எங்களுக்குக் கல்யாணம் ஆனது. மண்டிக்காரர்கள் வைத்த பிளக்ஸில் மணமகன் பெயர் மாதப்பன். மாமனார் வீட்டுத் தெருவில் இன்றும் எனக்கு வேறு பெயர் கிடையாது.

"இதையாவது திருத்தக் கூடாதா?" என்று எப்போதாவது சுகன்யாவிடம் கெஞ்சுவேன்.

"யார் பேர மாத்தணும்னு மொதல்ல தெளிவா சொல்லுங்க சார்" என்பாள்.