குடைக் கம்பெனியில் ஒருவர் கூடுதல்

"உங்க குடைக் கம்பெனி மறுபடியும் என் மானத்தை வாங்கிடுச்சு" என்றார் மேலதிகாரி.

மதிப்பீட்டாளர் ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டில் எத்தனை பேருக்குப் புதிதாக வேலை கிடைத்தது என்று மாதாமாதம் அறிவிக்கும் அரசுப் பிரிவு அது. எல்லாக் கம்பெனிகளையும் கேட்க முடியாது. சிலவற்றைக் கேட்டு, மிச்சத்தை ஊகிப்பார்கள். கேட்டும் பதில் தராத கம்பெனிக்கு அவர்தான் குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டுவைப்பார். பிறகு பதில் வந்ததும் அதைத் திருத்துவார்கள்.

"போன மாசம் எத்தனை பேர்னு போட்டீங்க?"

"பத்து சார்."

"வந்த பதில்?"

"பதினொண்ணு."

"ஒவ்வொரு மாசமும் இதே கதை. நீங்க என்ன போட்டாலும் அதுல ஒண்ணு கூடிடுது."

"ஒரே ஒரு ஆள்தானே சார்."

"அந்த ஒரு கம்பெனி நானூறு சின்னக் கம்பெனிகளுக்குப் பதிலா நிக்குது. அங்க ஒருத்தர் கூடினா நாட்டுல நானூறு பேர் கூடுறாங்க. திருத்தின கணக்கைப் பார்த்துட்டு, குடைத்தொழில்ல மறுமலர்ச்சின்னு அமைச்சர் மேடையில பேசிட்டாரு. இந்த மாசம் பதினொண்ணுன்னு போட்டிருக்கீங்க. அது சரியா இருக்கணும். நேர்ல போய்த் தலையை எண்ணிட்டு வாங்க. இல்லேன்னா அந்த நாற்காலியை மறந்துடுங்க."

குடைக் கம்பெனி கண்ணாடிக் கூரை போட்ட நீளமான கொட்டகை. கூரையிலிருந்து விரித்த குடைகள் தலைகீழாகத் தொங்கின. வெயில் அவற்றின் வழியே வடிந்து இறங்கியதில் ஒருவர் முகம் நீலமாக இருந்தது, இன்னொருவர் கை பச்சையாக இருந்தது. யாரும் அவசரப்படவில்லை. மதிப்பீட்டாளருக்குத் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல இருந்தது.

எண்ணினார். ஒன்பது. யாரோ குடைக்குப் பின்னால் போனார், வேறு யாரோ வெளியே வந்தார். மறுபடி எண்ணினார். பதிமூன்று.

"நீங்க ஏம்மா நேரத்துக்குப் பதில் அனுப்புறதில்ல?" என்று முதலாளியம்மாவைக் கேட்டார்.

"அனுப்பத்தான் நினைக்கிறேன். எண்ணிக்கிட்டிருக்கும்போதே யாராவது வந்துடறாங்க."

எல்லோரையும் அவரவர் இடத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார்கள். ஆளில்லாத மேசையொன்றில் அடுக்கியிருந்த குடைகள் சரிந்து, உருண்டு, ஒவ்வொன்றாக விரிந்துகொண்டன. அவற்றைப் பிடிக்க ஆறு பேர் எழுந்தார்கள். எண்ணிக்கை போயிற்று.

குடைகள் மறுபடி சரியாமல் இருக்க அந்த மேசையில் அவரே உட்கார்ந்தார்.

"சும்மாதானே உக்காந்திருக்கீங்க" என்று முதலாளியம்மா ஒரு குடையை நீட்டினாள். "இதை வெளிச்சத்துல பிடிச்சு, ஓட்டை இருக்கான்னு பாருங்களேன்."

பிடித்தார். துணியில் ஊசிமுனையளவு ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியே வந்த வெளிச்சம் அவர் சட்டையில் நட்சத்திரமாக உட்கார்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் ஆகிவிட்டது.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். மனைவி போன் செய்தாள்.

"இன்னுமா எண்ணி முடியல?"

"பாதி ஆயிடுச்சு."

"பதினோரு பேரை எண்ண இத்தனை நாளா?"

"அசையறாங்களே."

"அதிருக்கட்டும், உங்க குரல்ல என்ன இவ்வளவு சந்தோஷம்?"

"இங்க வெளிச்சம் பச்சையா இருக்கு."

"நான் வேணா அங்க வரட்டுமா?" என்றாள் மெதுவாக.

"வேண்டாம் வேண்டாம். நீயும் வந்தா எண்ணிக்கை குழம்பிடும்."

வாரக் கடைசியில் ஒருவழியாக எல்லோரும் ஒரே சமயத்தில் அசையாமல் இருந்தார்கள். எல்லோருக்கும் அப்போதுதான் தேநீர் வந்திருந்தது. முதலாளியம்மாவிலிருந்து தொடங்கி, ஆவி பறக்கும் கோப்பைகளை எண்ணினார். உடனே மேலதிகாரிக்கு போன் போட்டார்.

"பன்னெண்டு சார். உறுதியா."

"மறுபடியும் ஒண்ணு கூடிடுச்சா? யாருய்யா அந்தப் புது ஆளு?"

மதிப்பீட்டாளர் கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தன் முன்னால் இருந்த கோப்பையைப் பார்த்தார்.

"சார், அது நான்தான் போல."

"அப்ப உங்களைக் கழிச்சிட்டு உடனே கிளம்பி வாங்க."

முதலாளியம்மாவிடம் போய்ச் சொன்னார். அவள் முகம் வாடியது.

"இந்த மாச எண்ணிக்கையை இப்பதான் உங்க ஆபீசுக்கு அனுப்பினேன். பன்னெண்டு. முதல் தடவையா நேரத்துக்கு அனுப்பியிருக்கேன். நீங்க போனா பொய் சொன்னவளா ஆயிடுவேன்."

இருந்தால் மேலதிகாரிக்குப் பொய். போனால் இந்தம்மாவுக்குப் பொய். நாட்டில் நானூறு பேருடைய வேலை தன் ஒருவனின் நாற்காலியில் தொங்குகிறதே என்று அவருக்குத் தலை சுற்றியது. நானூறு பேரும் மங்கலாக, கையில் ஆளுக்கொரு குடையோடு தன்னையே பார்ப்பதுபோல இருந்தது. அவர்களை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. இருந்தாலும் எழுந்தார், பையைத் தோளில் மாட்டினார், வாசல்வரை போய்விட்டார்.

எதிர் மேசைக்காரர் அத்தனை நாளும் தலையே தூக்காமல் கம்பி வளைத்துக்கொண்டிருந்தவர். இப்போது நிமிர்ந்து பார்த்தார்.

"நம்ம ஆபீஸ் நாலாவது மாடி மின்விசிறி இன்னும் கத்துதா தம்பி? வந்து உக்காருங்க, நாங்க அத்தனை பேரும் இந்தக் கணக்கைச் சரிபார்க்க வந்தவங்கதான். ஆரம்பத்துல இங்க இருந்தது அந்தம்மா ஒருத்தங்க மட்டும்தான்."