சர்வேக்குப் போய்க் கேசரி சாப்பிட்ட கதை

பி.ஏ. பொருளாதாரம் படிக்கிறவனை ஊரில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் சந்தேகம் மட்டும் எல்லோரும் கேட்பார்கள். தங்கம் இறங்குமா, தக்காளி ஏறுமா என்று கேட்டுவிட்டு, நாம் வாயைத் திறப்பதற்குள் "அது சரி, இதப் படிச்சா என்னா வேலப்பா கெடைக்கும்?" என்று முடித்துவிடுவார்கள். எனக்கும் தெரியாது. கலந்தாய்வில் என் முறை வந்தபோது மிச்சமிருந்த பாடம் அது ஒன்றுதான். அதனால் சேர்ந்தேன். சேர்ந்த பிறகு, நாட்டின் பொருளாதாரமே என்னை நம்பித்தான் இருக்கிறது என்ற எண்ணம் எப்படியோ வந்துவிட்டது. (அந்த வயசுக்கு அதெல்லாம் வரும்.)

மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு ப்ராஜெக்ட். கிராமத்துக் குடும்பங்களின் பொருளாதார நிலை பற்றி வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். "லைப்ரரியில உக்காந்து கதை எழுதிட்டு வந்தீங்கன்னா மார்க் கிடையாது. பாக்க டீசன்டா போங்க" என்றார் எங்கள் பேராசிரியர். எனக்கும் வகுப்புத் தோழி கவிதாவுக்கும் அரிமளம் பக்கம் ஒரு ஊர் கிடைத்தது.

டீசன்ட் என்ற சொல்லை நான் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டேன். கத்தாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த பெரியப்பா மகனிடம் சட்டை, கைக்கடிகாரம், கூலிங் கிளாஸ் எல்லாம் இரவல் வாங்கினேன். கடைசியாக அவன் சென்ட் பாட்டிலை நீட்டி, "ரெண்டு சொட்டு போதும்டா" என்றான். நான் சட்டை ஈரமாகும்வரை அடித்தேன். அறந்தாங்கியிலிருந்து பஸ்ஸில் போனபோது பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றே வந்தார். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். கவிதா தன் ஸ்கூட்டியில், பட்டுக் கரை போட்ட சேலையில் வந்து பஸ் ஸ்டாப்பில் என்னை ஏற்றிக்கொண்டாள்.

எங்களுக்குப் பின்னால் தெரிந்ததை உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் சின்னையா என்பவரின் மகள் தேன்மொழிக்கு அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. முறையாகப் பெண் பார்க்க அல்ல. அதற்கு முன், வீடு வாசல் எப்படி என்று சும்மா போகிறபோக்கில் வருவதுபோல வந்து பார்த்துவிட்டுப் போவார்கள் அல்லவா, அந்த வருகை. தரகர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: "மாப்பிள்ளைக்கு அக்காவும் இன்னொருத்தரும் வருவாங்க, ஒருவேளை மாப்பிள்ளையேகூட வரலாம். ஏதாச்சும் ஒரு சாக்கு சொல்லுவாங்க. நீங்க தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிறாதீங்க."

அப்படி அவர்கள் காத்திருந்த நேரத்தில்தான், நாலைந்து வீடு ஏறி இறங்கிவிட்டு, வளைகுடா வாசனையோடு நானும் பட்டுக்கரைச் சேலையோடு கவிதாவும் போய் இறங்கினோம்.

"வணக்கங்க. நாங்க காலேஜ்லேருந்து வர்றோம். ஒரு சர்வே."

சின்னையா தேய்த்த வேட்டியில் நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "சர்வேயா! ஆமா ஆமா, சர்வேதான். உள்ள வாங்க தம்பி. இங்கிட்டு வாங்க, ஃபேனுக்குக் கீழ ஒக்காருங்க."

உட்கார்ந்ததும் கேசரி வந்தது. பஜ்ஜி வந்தது. காலையிலிருந்து எந்த வீட்டிலும் தண்ணீர்கூடக் கிடைக்காத எனக்குக் கண் கலங்கியது. "இந்த ஊர்ல விருந்தோம்பல் இன்னும் இருக்கு பாரு" என்று கவிதாவிடம் கிசுகிசுத்தேன். அவளுக்கும் வாய் நிறையக் கேசரி. தலையை மட்டும் ஆட்டினாள்.

கேள்வித்தாளை எடுத்தேன். "நிலம் எவ்வளவுங்க இருக்கு?"

"ரெண்டு ஏக்கர்..." என்று அவர் தொடங்கியதும் அவர் மனைவி தொண்டையைச் செருமினார். "நாலுங்க தம்பி. தைல மரத் தோப்பச் சேத்துக்க மறந்துட்டாக."

"மாடு?"

"கட்டுத்தறியில பாருங்க." பார்த்தேன். நிறைய நின்றன. (அதில் பாதி பக்கத்து வீட்டு மாடு என்பது எனக்கு அப்போது தெரியாது. மாட்டுக்குத் தெரிந்திருக்கும், அங்கிட்டே திரும்பித் திரும்பிப் பார்த்தது.)

"கழிப்பறை வசதி?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினார். டைல்ஸ் எந்தக் கடையில் வாங்கியது என்றும் சொன்னார். இவ்வளவு ஆர்வமாகப் பதில் சொல்லும் ஆளை என் ப்ராஜெக்ட் அதுவரை கண்டதில்லை.

அப்போது தேன்மொழி காபி கொண்டுவந்தாள். பி.காம். முடித்த பெண் என்றார்கள். கேள்வித்தாளில் பெண்களுக்கென்று ஒரு பகுதி இருந்தது. நான் கூலிங் கிளாஸைத் தலைக்கு மேல் ஏற்றிக்கொண்டு, நாட்டுக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன். "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போக உங்களுக்கு விருப்பம் இருக்கா?"

அவள் அம்மாவின் முகம் வெளுத்தது. தேன்மொழி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "போவேன். கண்டிப்பாப் போவேன். பிடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க."

"எனக்கு ஏங்க பிடிக்காது? தாராளமாப் போங்க. போகணும்!" என்று சொல்லி டிக் அடித்தேன். அவள் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புள்ளிவிவரத்துக்காக அழுகிற பெண்மணியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

எழுந்தோம். "எப்பத் தம்பி தகவல் சொல்லுவீங்க?" என்றார் சின்னையா.

"எங்க சார்தாங்க பாத்து முடிவு பண்ணுவாரு. இன்னும் நிறைய வீடு பாக்க வேண்டியிருக்கு."

"நெறைய வீடா?"

"ஆமாங்க. இந்தத் தெருவுலயே பாதி வீடு பாக்கணும். எல்லா வீட்டுலயும் இதே கேள்விதான்."

சின்னையாவின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. "தெருவுல பாதி வீட்டுலயும் இதே கேள்வியா? என் மகள என்ன சந்தையில கத்திரிக்காயின்னு நெனச்சியா?"

நான் கேள்வித்தாளைத் திருப்பி அவரிடம் காட்டும்போதே வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஓர் அம்மாவும் ஒரு பெரியவரும் இறங்கினார்கள். "தைல மரம் வெலைக்கு இருக்கான்னு கேட்டுப் போகலாம்னு வந்தோம்" என்ற அந்த அம்மா, வீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நெலம் எவ்வளவுங்க இருக்கு?" என்றார்.

அவ்வளவுதான். "ஒங்களுக்கும் நெலம் வேணுமா? போங்க அங்கிட்டு! வந்துட்டாக வரிசை கட்டிக்கிட்டு!" என்று சின்னையா கத்திய கத்தில் கட்டுத்தறியிலிருந்து ஒரு மாடு அறுத்துக்கொண்டு தன் சொந்த வீட்டுக்கே ஓடியது. வந்தவர்கள் மிரண்டு காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

கவிதாதான் முதலில் விழித்துக்கொண்டாள். கைப்பைக்குள் கிடந்த கல்லூரி அடையாள அட்டையை எடுத்துக் காட்டி, "நாங்க நெசமாவே காலேஜுங்க" என்றாள். "அப்ப கார்ல வந்தவகதான் மாப்பிள்ள வீட்டாளுகளா?" என்று சின்னையா தலையில் கைவைத்துக்கொண்டார். அவர் மனைவி, "வேலைக்குப் போவேன்னு இவ சொன்னதால முன்னாடியே ரெண்டு எடம் தட்டிப்போச்சு. இதுவும் போச்சே" என்றார். ஒரு பெண்ணின் வாழ்க்கையை மார்க்குக்காகக் கெடுத்துவிட்டேன் என்று உண்மையாகவே பயந்துபோனேன்.

கவிதாவின் ஸ்கூட்டியைப் பிடுங்கிக்கொண்டு பறந்தேன். நல்லவேளை, மெயின்ரோட்டு டீக்கடையில் கார் நின்றிருந்தது. அந்த அம்மா போனில் தரகரைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் மூச்சு வாங்க எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பதற்றத்தில் சொல்லக் கூடாததையும் சொல்லிவிட்டேன். "அவங்க நல்ல பொண்ணுங்க. வேலைக்குப் போவேன்னு சொன்னாங்க. டிக்கே அடிச்சிட்டேன்!"

அந்த அம்மா போனை இறக்கினார். "அத நீ நேராவே கேட்டியா?"

"கேள்வித்தாள்ல இருந்துச்சுங்க."

போனை அணைத்துப் பைக்குள் போட்டார். பிறகு, "டீச்சர் ட்ரெய்னிங் முடிச்சவ நான். எனக்குக் கல்யாணம் பேசுறப்ப அத யாருமே கேக்கல. வீட்டோடயே போச்சு. இவகிட்ட அத எப்படிக் கேக்குறதுன்னுதான் வழியெல்லாம் யோசிச்சிட்டு வந்தேன்" என்றார். பெரியவரிடம் திரும்பி, "வண்டியத் திருப்பச் சொல்லுங்க" என்றார்.

கல்யாணம் நடந்தது. தேன்மொழி இப்போது ஒரு அலுவலகத்தில் கணக்கராக இருக்கிறாள். எங்களுக்கும் பத்திரிகை வந்தது. மண்டபத்தில் சின்னையா என்னைத் தோளோடு அணைத்து, வந்தவர்களிடமெல்லாம் "மாப்பிள்ளைக்கு முன்னாடி வந்த மாப்பிள்ளை இவருதான்" என்று அறிமுகப்படுத்தினார். பந்தியில் எனக்கு மட்டும் கேசரி இரண்டாம் முறை வந்தது.

ப்ராஜெக்ட் கதை வேறு. அந்த வீட்டின் விவரத்தைச் சரிபார்க்கச் சொல்லிப் பேராசிரியர் என்னைத் திருப்பி அனுப்பினார். இந்த முறை நான் நிஜமான சர்வேக்காரன் என்று சின்னையாவுக்குத் தெரியும். சர்வே என்றால் கவர்மென்டுக்குப் போகும், ஏதாவது உதவி கிடைக்கும் என்ற நினைப்பில் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். நிலம் அரை ஏக்கர், அதுவும் வறட்சி. மாடு? "எங்கங்க தம்பி, தீவனம் போட முடியாம வித்தாச்சு." இரண்டு தாள்களையும் பேராசிரியர் மேசையில் வைத்தேன். "இதுல எதுய்யா நெசம்?" என்றார். மூன்று வருடம் படித்ததில் எனக்குப் பதில் தெரியாமல் போன கேள்வி அது ஒன்றுதான் என்று சொல்ல ஆசை. (பாக்கிக் கேள்விகளின் விடைத்தாள் கல்லூரியிலேயே இருக்கிறது.)

என் கல்யாணத்துக்கு வந்த கவிதா, போகிறவள் சும்மா போகாமல் இதையெல்லாம் என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து வீட்டில் நான் எதையும் நிம்மதியாகக் கேட்க முடிவதில்லை. போன வாரம் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, "எப்படி இருக்கேன்?" என்று கேட்டேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தி, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாப்பிள்ள வீட்டுக்குச் சொல்ற பதில் வேணுமா, கவர்மென்டுக்குச் சொல்ற பதில் வேணுமா?"