அரைச்சாண் ஐஸ்

மெல்பர்னில், உறைந்த குளத்தின் மேல் நடக்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி ஒரே ஒரு தமிழருக்குத்தான் இருந்தது. அவருக்கு இருந்த ஒரே சங்கடம், மெல்பர்னில் எந்தக் குளமும் உறைவதில்லை என்பதுதான்.

நோர்வே அங்கிள் என்றுதான் எங்கள் ரோவில் பேட்டை முழுக்க அவரைக் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். யாழ்ப்பாணத்துக்காரர். நார்வேயின் வடகோடியில் மீன் தொழிற்சாலையில் பல வருஷம் உழைத்துவிட்டு, மகளோடு இருக்க இங்கே வந்தவர். 2011 வாக்கில் நானும் என் மனைவி கல்பனாவும் அவருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தோம். நார்வேயில் குளிர்காலம் முழுக்க உறைந்த குளத்தைக் கடந்துதான் வேலைக்குப் போவாராம். அதனாலோ என்னவோ, ஐஸை நம்பாமல் இருப்பது அவருக்கு ஒரு மதம் மாதிரி ஆகிவிட்டது.

அவருடைய சட்டம் சுலபம். கண்ணாடி மாதிரித் தெளிந்த ஐஸ் என்றால் அரைச்சாண் கனம் வேண்டும். வெள்ளை ஐஸுக்குள் காற்று இருக்கும். அதற்கு முழுச் சாண். ஓடை வந்து சேரும் இடத்தில் எத்தனை சாண் இருந்தாலும் கால் வைக்கக் கூடாது. இதையெல்லாம் அவர் எங்களுக்கு விளக்கியது நடு ஜனவரியில், வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது.

குளம் கிடைக்காத குறையைக் கிடைத்ததில் தீர்த்துக்கொள்வார். பிறந்தநாள் விழாவில் ஜூஸ் கொடுத்தால், ஐஸ்கட்டியைக் கரண்டியால் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, வெள்ளை, சரிவராது என்பார். இங்கே குளிர்காலம் தொடங்கும் ஜூன் மாதத்தில் ஒரு காலை எங்கள் கதவைப் படபடவென்று தட்டினார். பதறியடித்துக்கொண்டு பின்னால் போனேன். தெருமுனையில் தேங்கியிருந்த தண்ணீரில் அப்பளக் கனத்துக்கு ஐஸ் படிந்திருந்தது. செருப்பு நுனியால் அமுக்கினார். உடைந்தது.

"பாத்தீங்களோ தம்பி? இதில ஏறாதேங்கோ" என்றார்.

ஏறியிருந்தால் என் சாக்ஸ் நனைந்திருக்கும்.

அந்த ஆகஸ்டில் எல்லோருமாக பஸ் பிடித்து மலைக்குப் பனி பார்க்கப் போனோம். ஏற்பாடு கிரெய்கிபர்ன் பேட்டை சுந்தர். கம்ப்யூட்டர் கம்பெனியில் மேனேஜர். சொந்தக் கல்யாணத்தையே ஒரு புராஜெக்டாக நடத்தியவர். நம் ஆட்கள் பனியைப் பார்க்கப் போனாலும் கடலைப் பார்க்கப் போனாலும் கூடவே ஓர் அண்டா பிரியாணி வரும். அது கம்பளி போர்த்திக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து வந்தது.

கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டை. முழுக்க உறைந்திருந்தது. அங்கிளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கோட்டுப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். தட்டினார், காதை வைத்துக் கேட்டார், ஓரத்தில் ஓட்டை போட்டு விரலை விட்டு அளந்தார்.

கல்பனா அப்போது மாசமாக இருந்தாள். மதுரையிலிருந்து அவள் அம்மா புறப்பட்டு வருவதற்கு விசா கிடைக்கவில்லை. அதனால் ஐஸ் நடுவில் பட்டுப்புடவையோடு நின்று ஒரு போட்டோவாவது எடுத்து அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஸ்வெட்டருக்கு மேல் புடவையைச் சுற்றிக்கொண்டு தயாராக நின்றாள்.

"வேண்டாம் பிள்ளை. வெள்ளை ஐஸ். நாலு விரல் கனம்கூட இல்லை" என்றார் அங்கிள்.

கல்லு மாதிரி இருக்கிறது, ஒரு நிமிஷ வேலைதானே என்று சுந்தர் வாதாடிப் பார்த்தார். இந்த மனுஷர் நார்வே பக்கமே போயிருக்க மாட்டார் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அங்கிள் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். கல்பனாவின் முகம் வாடிவிட்டது. கடைசியில் கரையிலேயே போட்டோ எடுத்தோம். அவர் நகராததால் படத்தில் அவரும் விழுந்தார்.

எல்லோரும் பனியில் சறுக்கி விளையாட, அங்கிள் மட்டும் குட்டையைக் காவல் காத்தார். ஆனால் எப்பேர்ப்பட்ட காவல்காரருக்கும் பாத்ரூம் போக வேண்டியிருக்கும். அவர் தலை மறைந்த நேரத்தில்தான், காஸ் அடுப்பில் மறுபடி சுடவைத்த பிரியாணி இறங்கியது. கீழே எங்கு பார்த்தாலும் சேறு, அண்டாவை வைக்க இடமில்லை.

"ஆளு நிக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு? அண்டா நிக்கலாம்ல?" என்றார் சுந்தர்.

ஐஸ் மேல் வைத்துத் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டே போய், கல்பனா நிற்க ஆசைப்பட்ட இடத்தில் நின்றது. எல்லோரும் கைதட்டினோம். அடியிலிருந்து ஆவி கிளம்பியது. முறுக்கைக் கடித்த மாதிரி ஒரு சத்தம். அண்டா கொஞ்சமும் சாயாமல், மரியாதையாக, நேரே கீழே இறங்கிவிட்டது. சற்று நேரத்தில் ஒரு பிரிஞ்சி இலை மிதந்து வந்தது.

அங்கிள் திரும்பி வந்தபோது எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார்.

"நோர்வேயில ஆக்கள் விழுந்து பாத்திருக்கிறன். நாய் விழுந்து பாத்திருக்கிறன். கார் விழுந்தும் பாத்திருக்கிறன். பிரியாணி விழுந்து இப்பத்தான் பாக்கிறன்."

அங்கே வேலை பார்க்கும் வெள்ளைக்காரர் ஒருவர் நீளக் கம்போடு வந்து ஓட்டைக்குள் துழாவினார். கம்பு உள்ளே போனது, மேலும் போனது, அண்டா தட்டுப்படவில்லை. வெளியே எடுத்தபோது ஈரம் அவர் மார்பு உயரத்துக்கு இருந்தது. கல்பனா வயிற்றில் கைவைத்தபடி அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கிள் தன் பையிலிருந்து புட்டுப் பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"முதல்ல சாப்பிடுங்கோ பிள்ளை. மற்றதெல்லாம் பிறகு பாப்பம்."

மற்றவர்களுக்கு அன்றைக்குக் கடைச் சிப்ஸ்தான். சுந்தர் அதையும் வாயில் வைக்கவில்லை.

படம் மதுரைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை என் மாமியார் போனில் பிடித்துக்கொண்டார். நடுவில் கையை விரித்துக்கொண்டு போலீஸ்காரர் மாதிரி நிற்பது யார், அந்த ஆளை வெட்டிவிட்டு வேறு படம் அனுப்பக் கூடாதா என்று கேட்டார்.

"அவரை வெட்ட முடியாதும்மா" என்றாள் கல்பனா. "அவர் நம்ம வீட்டு மனுஷர்."