டாக்குமென்டுக்குள் நடந்த மாடு

சத்தியவேடு,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் முனிரத்தினம் அவர்களுக்கு, தங்கள் தங்கை கிருஷ்ணம்மாவின் கணவன் நாகபூஷணம் கைகூப்பி எழுதிக்கொண்டது. நாங்கள் இருவரும் நலம், மாடு தேறி வருகிறது. சூளூர்பேட்டையில் தாங்களும் வீட்டார் அனைவரும் சுகமாயிருக்கக் காணிப்பாக்கம் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

பக்கத்து வீட்டு ஹரிபாபு எங்கள் கொடியில் காயும் துணிகளைத் திருடுகிறான் என்று உங்கள் தங்கை அழுததை நம்பி, ஞாயிற்றுக்கிழமை எட்டு ஆட்களோடு வேன் பிடித்து வருவதாகச் சொன்னீர்களாம். தயவுசெய்து வேனை நிறுத்திவிடுங்கள். ஹரிபாபு திருடவில்லை. போனில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே கிருஷ்ணம்மா பிடுங்கிக்கொள்கிறாள். உங்களிடம் இருப்பது பட்டன் போன் என்பதால் காட்டவும் வழியில்லை. ஆகவே எழுதி, நாளைக் காலை உங்கள் ஊருக்கு வரும் துலுக்காணத்திடம் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் கறவை மாடு ஒரு மாதமாகப் பின்னங்காலை விறைத்து விறைத்து நடந்தது, பாலும் பாதியாகிவிட்டது, ஆனால் பார்க்க வருகிறவர்கள் முன்னால் மட்டும் பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில் நடப்பது போல அத்தனை அடக்கமாக நடக்கும். கடைசியில் திருப்பதியில் இருக்கும் மாட்டு டாக்டர் ஷோபா அம்மாவுக்குப் போன் போட்டேன். "என்ன பிரச்சினைன்னு எழுதுங்க, மாடு நடக்கிறதை வீடியோ எடுத்து அந்த டாக்குமென்ட்லயே வெச்சிடுங்க" என்றார். "டாக்குமென்டுன்னா பத்திரமாச்சே அம்மா, அதுல எப்படி மாடு நடக்கும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, போனில் திறக்கும் வெள்ளைத்தாள் ஒன்றை அனுப்பி, எங்கே எழுதுவது, எதைத் தொட்டால் வீடியோ சேரும் என்று பொறுமையாகச் சொன்னார்.

மச்சான், இந்த அறுபத்தோரு வயதில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. 'மேற்படி மாடு காலை இழுத்து நடப்பதைக் கீழே காண்க' என்று எழுதிவிட்டு, அவர் சொன்ன இடத்தைத் தொட்டேன். எழுத்துக்குக் கீழே ஒரு கட்டம் வந்தது. கட்டத்தைத் தொட்டேன். மாடு நடந்தது! மேலே என் எழுத்து, கீழே என் எழுத்து, நடுவில் எங்கள் மாடு வாலை ஆட்டிக்கொண்டு, கழுத்து மணிச் சத்தத்தோடு! எனக்குத் தெரியாமலே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தேன். கிருஷ்ணம்மா வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வாழ்நாளில் நான் எழுதிக் கொடுத்த மனுக்களில் ஒன்றாவது எனக்காக இப்படி எழுந்து நடந்திருக்குமா?

பெருமை தாங்காமல், டாக்டருக்கு அனுப்பிய கையோடு பால் சங்கத்து வாட்ஸப் குரூப்புக்கும் அனுப்பிவிட்டேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எழுதலாம் என்று திறந்துவிட்ட தாள் அது. வீடியோவை நான் முழுசாகப் பார்க்கவில்லை. எடுக்கும்போது எப்படி நிறுத்துவது என்று தெரியாமல், போனை வேலிக்கல்லில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தேன். பத்தே நிமிடத்தில் டாக்டரின் போன். "காலை விடுங்க நாகபூஷணம்காரு, மூணாவது நிமிஷம் பாருங்க! சூடண்டி, சூடண்டி, என்னத்தைத் தின்னுதுன்னு!" பதற்றத்தில் 'பாருங்க' என்பது அவருக்குத் தெலுங்கிலேயே வந்துவிட்டது.

பார்த்தோம். மாடு முதலில் சுவரை நக்கியது. பிறகு கொடிப்பக்கம் போய், உங்கள் தங்கையின் மஞ்சள் ரவிக்கையைக் கைப்பக்கம் ஆரம்பித்து, அவசரமே இல்லாமல் விழுங்கி முடித்தது. பாஸ்பரஸ் சத்துக் குறைந்தால் மாடு இப்படிக் கண்டதையும் தின்னும், காலும் விறைக்கும் என்றார் டாக்டர். கொடுக்க வேண்டிய தாது உப்பை அதே தாளில் அவர் எழுத, இங்கே என் கண்ணெதிரே எழுத்து ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. எழுதுகிற கையை மட்டும் காணோம்!

அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் ஹரிபாபுவின் குரல்; அவனும் அந்தச் சங்கத்து குரூப்பில் இருக்கிறவன்தானே. "இன்னா நாகபூஷணம், யாரு திருடன்னு பாத்துக்கினியா? நானா துன்னேன் உன் பொண்டாட்டி ஜாக்கெட்டை?"

கிருஷ்ணம்மா விடவில்லை. "நீ துன்னேன்னு யாருப்பா சொன்னது? எடுத்துக்கினு போனேன்னுதான சொன்னேன்!"

எனக்கு மானம் போயிற்று. ஒரு மாதமாக அவன் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டோமே. உடனே அந்தத் தாளிலேயே, ஊரே பார்க்கட்டும் என்று, வீடியோவுக்குக் கீழே மன்னிப்பு எழுதினேன்: 'ஹரிபாபு ஒரு துணியையும் எடுக்கவில்லை. அடுத்தவர் பொருளைத் தொடாத குணம் அவருக்கு. எங்கள் குடும்பமும் அப்படியே.' சங்கத்தில் பன்னிரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள்.

ஆகவே மச்சான், கோபத்தை விட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
நாகபூஷணம்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது போன் சத்தம் கொடுத்தது. என் மன்னிப்புக்கு நேர் கீழே ஹரிபாபுவும் ஒரு வீடியோ வைத்திருக்கிறான். விடியற்காலை, அவன் வீட்டு முருங்கை மரம், தொரட்டியோடு நான். முகம் எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது என்கிறீர்கள்! மூன்று மாதமாக அந்தக் காய்களெல்லாம் நீங்கள் கொடுத்தனுப்பியவை என்றுதான் கிருஷ்ணம்மாவிடம் சொல்லிவருகிறேன். சங்கம் முழுக்கப் பார்த்துவிட்டது, அவள் இன்னும் பார்க்கவில்லை. எனவே வேனை நிறுத்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். ஆட்கள் தேவையில்லை, எட்டுப் பேர் உட்காரும் இடத்திலும் முருங்கைக்காய் ஏற்றி வாருங்கள்.